அரசர் விட்ட காய்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் இன்றைக்கும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அரசர் பெயர் திருமேனிராயர் என்பது போதும். அவர் பெயரைக் கேட்டாலே எதிரிகள் எல்லையை விட்டு ஓடுவார்கள். அப்பேர்ப்பட்டவரால், மூன்று வயதுகூட நிரம்பாத தம் மகன் வாயில் ஒரு துண்டு வெண்டைக்காயை வைக்க முடியவில்லை.

இளவரசன் பெயர் பொன்வேலன். பங்குனி மாதம் வரை எதைக் கொடுத்தாலும் தின்றுகொண்டிருந்த பிள்ளைதான். பூசணிக்காய்க் கூட்டைக் கன்னத்தில் பாதியும் வயிற்றில் பாதியுமாகச் சாப்பிடுவான். வாழைப்பழத்தை உரித்துக் கொடுப்பதற்குள் அவசரம் தாங்காமல் தோலோடு கடிப்பான். அப்புறம் என்ன ஆயிற்றோ, ஒரு நாள் வாயை மூடிக்கொண்டான். காய் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பழம் என்றால் அதைவிட மோசம், ஓவென்று அழுதான். பால்சோறு, பருப்புச்சோறு, அப்பளம். இந்த மூன்றைத் தவிர அவன் தட்டில் எதுவும் நிற்கவில்லை.

மடைப்பள்ளிக்காரர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். புடலங்காயைப் பாம்பு போல வளைத்து வைத்தார்கள். பரங்கிக்காயை யானையாகச் செதுக்கினார்கள். கீரையைச் சோற்றுக்கடியில் ஒளித்தார்கள். பிள்ளை சோற்றை விரலால் விலக்கி, ஒளிந்திருந்த கீரையைக் கண்டுபிடித்து, எடுத்துத் தலைமைச் சமையற்காரர் கையிலேயே கொடுத்தான். இந்த இடத்தில் சிரிக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையின் தட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும். நானும் என் மகளின் மூக்கைப் பிடித்துக்கொண்டு பீர்க்கங்காய் ஊட்டியவன்தான். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆனி மாதம் பிறந்தபோது விஷயம் விளையாட்டாக இல்லை. பிள்ளைக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. வயிறு கல்லாக இருந்தது. ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை. காலையில் சபை கூடியதும் அரசர் முதலில் வைத்தியர் முகத்தைத்தான் பார்ப்பார். வைத்தியர், 'இல்லை' என்று தலையை ஆட்டுவார். சபை முழுவதும் பெருமூச்சு விடும். எல்லையிலிருந்து வரும் போர்ச் செய்திக்குக்கூட அந்தச் சபை அப்படிக் காத்திருந்ததில்லை.

ஆறாம் நாள் வைத்தியர் சொன்னார்: "அரசே, மருந்து கொடுத்து இன்று ஒரு நாள் வழி செய்துவிடுவேன். நாளையும் மறுநாளும் மருந்தே கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. இளம் குடல். காயும் பழமும் உள்ளே போகாவிட்டால் இளவரசர் தேறமாட்டார்."

அரசர் முகம் கறுத்தது. அவர் சபையைப் பார்த்து, "இத்தனை அறிஞர்கள் இருக்கிறீர்கள். என் பிள்ளையை ஒரு காய் தின்னவைக்க ஒருவருக்கும் வழி தெரியவில்லையா?" என்றார்.

பிரதானி அனந்தராயர் எழுந்தார். இவரைப் பற்றி ஒரு வார்த்தை. அரசருக்கு அடுத்த பதவி இவருடையது. அப்படியிருந்தும் அரசர் சிரிக்கும்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று கவனிப்பதே இவர் வேலை. அரசர் சிரிக்கும்போதெல்லாம் பார்ப்பது மருதப்பனை. மருதப்பன் அந்தச் சபையில் விகடம் பேசுகிறவன். ஒரு சொல்லை எடுத்து இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, ராஜ்ய விவகாரத்தையே சிரிப்பாக்கிவிடுவான். அது பிரதானிக்கு வயிற்றெரிச்சல்.

"அரசே, இத்தனை பெரிய சபையைத் தினமும் தம் விருப்பப்படி ஆட்டிவைப்பவர் மருதப்பனார். ஒரு குழந்தையை ஆட்டிவைக்க அவருக்கு எத்தனை நேரம் ஆகும்? அவரிடமே ஒப்படையுங்கள். ஆனால் மடைப்பள்ளிக்காரர்கள் செய்ததையே அவரும் செய்தால் அவருக்குத்தான் இழுக்கு. ஆகவே ஒளித்துக் கொடுக்கக் கூடாது. வெல்லம் கலக்கக் கூடாது. பிடித்து ஊட்டக் கூடாது. 'சாப்பிடு' என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரக்கூடாது. எட்டாம் நாள் இதே சபையில் இளவரசர் தாமாகக் காயைக் கேட்டு வாங்கி உண்ண வேண்டும்."

"உண்ணாவிட்டால்?" என்றார் அரசர்.

"உதவாத நாக்கு சபைக்கு எதற்கு? அவர் குடும்பத்தோடு வேறு நாட்டுக்குப் போகட்டும்."

இங்கே கொஞ்சம் யோசிக்கிற மனிதனாக இருந்தால் மருதப்பன் தயங்கியிருக்க வேண்டும். அவனோ மீசையைத் தடவிக்கொண்டு, "எட்டு நாள் எதற்கு அரசே? பிரதானியார் பெரிய மனது செய்து நீட்டித் தந்திருக்கிறார். மீதி நாளில் அவருக்கும் ஊட்டிவிடுகிறேன்" என்றான். சபை சிரித்தது. அரசரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு காதில் விழுந்துவிட்டால் மருதப்பனுக்கு வேறு எதுவும் கேட்காது.

முதல் நாள் அவன் கத்தரிக்காய் வேடம் போட்டுக்கொண்டு அந்தப்புரத்துக்குப் போனான். உடம்பெல்லாம் ஊதாத் துணி, தலையில் பச்சைக் குல்லாய். இளவரசன் கைகொட்டிச் சிரித்தான். குல்லாயைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். கத்தரிக்காய்ப் பொரியல் வந்ததும் குல்லாயைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

இரண்டாம் நாள் மருதப்பன் வேறு தந்திரம் செய்தான். ஒரு கிண்ணம் நிறையப் பலாச்சுளையை மடியில் வைத்துக்கொண்டு, "இது பெரியவங்களுக்கு மட்டும். உங்களுக்குக் கிடையாது. தொடக் கூடாது" என்றான். வேண்டாம் என்றால் வேண்டும் என்பதுதானே பிள்ளைகள் வழக்கம்? பொன்வேலன் அவனைப் பார்த்தான். "சரி" என்றான். மரக்குதிரையை இழுத்துக்கொண்டு போனான். மருதப்பன் பலாச்சுளை முழுவதையும் தானே தின்று தீர்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள். பாட்டு, கூத்து, பொம்மலாட்டம், எல்லாம் ஆயிற்று. பிள்ளைக்கு மருதப்பனை ரொம்பப் பிடித்துவிட்டது. அவன் கொண்டுவரும் காயைத்தான் பிடிக்கவில்லை.

ஆறாம் நாள் மருதப்பனிடம் சரக்குத் தீர்ந்துபோனது. ஒரு தூணோரம் சும்மா உட்கார்ந்தான். வாழ்நாளில் அவன் சும்மா உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். சும்மா உட்கார்ந்ததால்தான் கண்ணில் பட்டது.

செவிலித்தாய் முத்தம்மை தட்டோடு வந்தாள். அவள்தான் பிள்ளையைப் பிறந்ததிலிருந்து தூக்கி வளர்ப்பவள். "காய் பாரு கண்ணு, காய்" என்று வெண்டைக்காயை நீட்டினாள். பொன்வேலன் வெண்டைக்காயைப் பார்க்கவேயில்லை. அவள் வாயையே பார்த்தான். அவன் முகம் சுருங்கியது. வலது கைச் சுண்டுவிரலை மெல்ல நீட்டி, அதை உற்றுப் பார்த்துவிட்டு, அரசர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு அவள் வாழைப்பழத்தை எடுத்து, "சரி, பழம்? பழம் வேணுமா?" என்றாள். பிள்ளை முகம் குப்பென்று மலர்ந்தது. சட்டென்று இரண்டு விரலைச் சேர்த்து நீட்டிக்கொண்டு கதவைப் பார்த்தான். கதவு திறக்கவில்லை. முத்தம்மை உரித்த பழத்தைத்தான் வாயருகே கொண்டுபோனாள். அவன் அதைத் தட்டிவிட்டு அழுதான்.

மருதப்பன் தூணோரத்திலிருந்து எழுந்துவிட்டான்.

உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டால் சுண்டுவிரலை நீட்டி, "உன்னோட காய்" என்பார்கள். அப்புறம் பேச்சு கிடையாது. சமாதானமாக வேண்டுமானால் இரண்டு விரலைச் சேர்த்து நீட்டிப் "பழம்" என்று சொல்லித் தொட்டுக்கொள்வார்கள். விரல் ஊருக்கு ஊர் மாறும். விஷயம் ஒன்றுதான். அந்த அரண்மனைப் பிள்ளைகளிடம் இன்னொரு சட்டமும் உண்டு. காய் விட்டவர்தான் முதலில் பழம் விட வேண்டும்.

மருதப்பன் பிள்ளையின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். "இளவரசே, உங்களோட யாரு காய்?"

"அப்பா காய்."

"எப்போ?"

"நாளைக்கு" என்றான் பொன்வேலன். அவனுக்கு நேற்றும் நாளையும் ஒன்றுதான். நடந்தது எல்லாம் நாளைக்குத்தான்.

மருதப்பன் முத்தம்மையை நிமிர்ந்து பார்த்தான். அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அட ஆமாங்க! பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். இவரு சபைக்குள்ள ஓடிட்டாரு. ஏதோ ஓலை எழுதிக்கிட்டிருந்தாங்க, மைக்கூட்டைத் தட்டிவிட்டுட்டாரு. அரசருக்குக் கோவம் வந்து கையை ஓங்கிட்டாரு. அப்புறம் என்ன நெனைச்சாரோ, சுண்டுவெரலை நீட்டி, 'போடா, உன்னோடு காய்'னாரு. சபையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்னு வச்சுக்குங்க. மறுநாள் எல்லைக்குப் போய்ட்டாரு. திரும்பி வந்து ஒரு மாசம் ஆச்சு. பழம் விடணும்னு யாருக்குத் தோணுச்சு? ஐயோ, இந்தப் பிள்ளை அதையா மனசுல வச்சுக்கிட்டிருக்கு?"

மூன்று மாதமாக அந்தப் பிள்ளை ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. வேளைக்கு வேளை எல்லோரும் அந்தச் சொல்லைச் சொல்லுகிறார்கள். சொல்லிவிட்டு எதையோ தின்னத் தருகிறார்கள். காய் என்று நீட்டும்போதெல்லாம் அப்பா தன்னோடு பேசமாட்டார் என்பது அவனுக்கு ஞாபகம் வருகிறது. பழம் என்று நீட்டும்போதெல்லாம் அப்பா வந்துவிட்டார் என்று எழுந்து ஏமாறுகிறான். அவனா சாப்பிடுவான்?

கண்டுபிடித்துவிட்டோம் என்று மருதப்பன் குதித்திருக்க வேண்டும். அவன் குதிக்கவில்லை. அவன் தன் இடக்கையில் கிடந்த பொற்காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரசர் கையை ஓங்கிய அந்த நிமிஷத்தில் குனிந்து அவர் காதில், "குழந்தையோடு யுத்தமா அரசே? காய் விட்டுவிடுங்கள், முடிந்தது" என்று சொன்னவன் அவன்தான். நல்ல யோசனை என்று அரசர் சிரித்துக் கழற்றிக் கொடுத்த காப்பு அது. மூன்று மாதமாக அதைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். சட்டென்று மேல்துண்டை இழுத்து அதை மூடிக்கொண்டான். அங்கே யாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் மூடிக்கொண்டான்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் மனைவி பேச்சியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். "கண்டுபிடிச்சாச்சுல்ல? அப்புறம் என்ன, நேரா அரசர்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள் அவள்.

"சொல்லலாம். யோசனை சொன்னது யாருன்னு கேப்பாரு. பிரதானி சும்மா இருப்பாரா? சபையில என் மானம் போயிடும்."

"ஏங்க, அந்தப் பச்சைப் பிள்ளைக்கு வெளிக்குப் போகலைன்னு ஊரே கவலைப்படுது. உங்களுக்கு மானம் போயிடக் கூடாதா?"

எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லுகிறவன், அன்றைக்குப் பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவினான். ஆனாலும் அவன் அரசரிடம் போகவில்லை. வெட்கப்படுகிற மனிதன் செய்வதைத்தான் செய்தான். உண்மையைச் சொல்லாமலே காரியத்தை முடிக்க ஒரு தந்திரம் யோசித்தான்.

எட்டாம் நாள் சபை நிறைந்திருந்தது. முத்தம்மை இளவரசனை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு மணை. அதன்மேல் ஒரு கிண்ணத்தில் வெண்டைக்காய்ப் பொரியல், ஒரு தட்டில் இரண்டு மாம்பழம். பிரதானி முன்வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மருதப்பனுக்கு வண்டி கட்டச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார் என்று கேள்வி.

மருதப்பன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தான்.

"அரசே, மன்னிக்க வேண்டும். காலையிலிருந்து காது அடைத்துவிட்டது. கண்ணும் மங்கலாக இருக்கிறது. தொடங்குவதற்கு முன் ஒரு சந்தேகம். அந்தத் தட்டில் இருப்பவை எத்தனை?"

"இரண்டு" என்றார் அரசர்.

"பன்னிரண்டா?"

"இரண்டு மருதப்பா, இரண்டு."

"முப்பத்திரண்டா? அத்தனையும் இளவரசருக்கா? வைத்தியர் சம்மதிப்பாரா?"

சபை சிரிக்கத் தொடங்கியது. அரசருக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. சிம்மாசனத்திலிருந்து முன்னால் குனிந்து, இரண்டு விரலை நீட்டி உரக்கச் சொன்னார்: "இரண்டு! இதோ பார், இரண்டு!"

"இரண்டு என்ன அரசே?"

"பழம்! பழம்! பழம்!"

முத்தம்மையின் மடியில் விரல் சப்பிக்கொண்டிருந்த பொன்வேலன் விரலை வாயிலிருந்து எடுத்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். நீட்டியிருந்த இரண்டு விரலைப் பார்த்தான். மடியிலிருந்து வழுக்கி இறங்கினான். சபை நடுவே ஓடினான். சிம்மாசனத்தின் படிகளைக் கையையும் காலையும் ஊன்றி ஏறினான். தன் இரண்டு விரலை நீட்டி அப்பாவின் விரலில் வைத்தான்.

"பழம்" என்றான்.

பிறகு திரும்பி இறங்கிப் போய், மணைமேல் இருந்த மாம்பழத்தை இரண்டு கையாலும் எடுத்துத் தோலோடு கடித்தான்.

சபை அதிர்ந்தது. மூன்று மாதமாக அந்தச் சின்ன வாய்க்குள் போகாத பழம் இப்போது போய்க்கொண்டிருந்தது. சாறு முழங்கையில் வழிந்தது. வைத்தியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரசர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார்.

பிரதானி எழுந்தார். "ஒரு நிமிடம் அரசே. நிபந்தனை காய். இளவரசர் உண்பது பழம். மருதப்பனார் தோற்றார்."

மருதப்பன் காதிலிருந்த பஞ்சை எடுத்தான். "பிரதானியாரே, போன மாதம் அதே மரத்தில் அதற்கு என்ன பெயர்?"

"மாங்காய்."

"அதே காயைத்தான் இளவரசர் உண்கிறார். கொஞ்சம் தாமதமாக உண்கிறார். நிபந்தனையில் தாமதம் கூடாது என்று தாங்கள் சொல்லவில்லையே?"

சபை கைதட்டியது. "வென்றாய் மருதப்பா, வென்றாய்!" என்றார் அரசர். பிரதானி உட்கார்ந்துவிட்டார். கதை இங்கேயே முடிந்திருக்கலாம். இந்தக் கதையைச் சொல்லுகிற பலரும் இங்கேதான் முடிக்கிறார்கள். நான் முடிக்கவில்லை, ஏனென்றால் பிள்ளை அங்கேயே நிற்கிறது.

பொன்வேலன் பாதி மாம்பழத்தோடு மறுபடியும் படி ஏறி வந்திருந்தான். அப்பாவின் அந்த இரண்டு விரலையும் பிடித்துக்கொண்டு நின்றான். விடவேயில்லை. அரசர் மாலையை மருதப்பன் கழுத்தில் போடக் கையை இழுத்தார். வரவில்லை. "முத்தம்மா, பிள்ளையைத் தூக்கு. பட்டெல்லாம் பாழாகிறது" என்றார்.

முத்தம்மை தூக்கினாள். தூக்கும்போது பொன்வேலன் அவள் காதில், ஆனால் சபைக்கே கேட்கும்படி, பெருமையாகச் சொன்னான்: "அப்பா பழம் விட்டாச்சு."

"என்ன உளறுகிறான்?" என்று அரசர் சிரித்தார்.

மருதப்பனுக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பிரதானியை ஏமாற்றுவது அவன் தொழில். அரசரை ஏமாற்றுவதும் தொழில்தான், அதற்குத்தான் சோறு போடுகிறார்கள். ஆனால் இந்தப் பிள்ளைக்கு அப்பா பழம் விடவே இல்லை. மாம்பழத்தை எண்ணிக் காட்டினார், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு சிரிப்புக்காகப் பிள்ளையின் மனத்தை விளையாட்டுப் பொருளாக்கினான். இன்று தன் மானத்துக்காக அதையே மறுபடியும் செய்திருக்கிறான்.

"அரசே, மாலையைக் கீழே வையுங்கள்" என்றான். "நான் தோற்றுவிட்டேன்."

சபை இதையும் விகடம் என்று நினைத்துச் சிரிக்கக் காத்திருந்தது. மருதப்பன் சிரிப்பு வரும்படி எதையும் சொல்லவில்லை. மைக்கூடு, ஓங்கிய கை, காய், காத்திருப்பு, இன்றைய பஞ்சு எல்லாவற்றையும் சொன்னான். பேசப் பேசக் குரல் தாழ்ந்துகொண்டே போனது. "தங்கள் காதில் அந்த யோசனையைச் சொன்ன வாய் இது. அதற்காகக் காப்பு வாங்கிய கை இது. முந்தாநாளே எனக்குத் தெரியும் அரசே. தங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு, ஒரு குழந்தையை ஏமாற்றினேன்."

"நானா? நான் எப்போது காய் விட்டேன்?" என்றார் அரசர். அவருக்கு ஞாபகமே இல்லை.

அதுவரை சபையில் வாய் திறந்திராத முத்தம்மை சொன்னாள்: "சொன்னீங்க சாமி. பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். இதே எடத்துல."

அரசர் சுண்டுவிரலைப் பார்த்தார். ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது.

பிரதானிக்கு மட்டும் உற்சாகம் பொங்கியது. "அரசே, அவரே ஒப்புக்கொண்டார். வண்டி தயாராக—"

"அனந்தராயரே, அன்று நீர் சபையில் இருந்தீரா?"

"இருந்தேன் அரசே."

"சிரித்தீரா?"

அன்று சபையில் இருந்த அத்தனை பேரும் சிரித்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசி எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "ஊரெல்லாம் மருந்து தேடினேன்" என்றார் அரசர். அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். "எல்லையிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு வேளைகூட அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடவில்லை."

அவர் கிரீடத்தைக் கழற்றிச் சிம்மாசனத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். முத்தம்மை பிள்ளையை இறக்கிவிட்டாள். அரசர் அவன் முன்னால் தரையில் மண்டியிட்டார். கண் கலங்கியிருந்தது. இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினார்.

"பொன்வேலா, அப்பா தப்புப் பண்ணிட்டேன்டா. பழம்."

பொன்வேலன் அந்த விரலைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அவனுக்குப் புரியவில்லை.

"அதான் விட்டாச்சே" என்றான்.

அவனுக்கு அது முடிந்துபோன விஷயம். அப்பா அப்போதே பழம் விட்டுவிட்டார். அவன் அப்போதே தொட்டுவிட்டான். இந்தப் பெரியவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மணையைக் காட்டினான். "அது குடு."

"எது கண்ணா?"

"காய்."

அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வெறும் சொல்லாக, ஒரு கறியின் பெயராக வந்து விழுந்தது. அரசர் கிண்ணத்தை எடுத்துத் தம் கையாலேயே கொடுத்தார். பிள்ளை சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தின்றான். மறுநாள் காலை வைத்தியர் என்ன செய்தி கொண்டுவந்தார் என்று கேட்பீர்கள். நல்ல செய்திதான். அரண்மனையில் முரசு அறையலாமா என்றுகூட யாரோ கேட்டார்கள் என்பார்கள்.

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கேட்டு வாங்கித் தின்றான். நிபந்தனை நிறைவேறிவிட்டது. வண்டி யாருக்கும் வேண்டாம். மருதப்பா, இப்போதாவது இந்த மாலையை வாங்கிக்கொள்."

"வேண்டாம் அரசே. இளவரசரிடம் ஒரு நிமிடம் பேச அனுமதி கொடுங்கள்."

மருதப்பன் பொன்வேலன் எதிரில் உட்கார்ந்தான். இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினான்.

பொன்வேலனுக்கு அவனோடு சண்டையே இல்லை. பிறகு எதற்குக் கையை நீட்டுகிறான்? பசிக்கிறது போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டான். கிண்ணத்தில் துழாவி, ஒரு வெண்டைக்காய்த் துண்டை எடுத்து, அந்த இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்தான். "ஆ காட்டு" என்றான்.

மருதப்பன் அதை வாயில் போட்டுக்கொண்டான். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கன்னத்தில் அடக்கியபடி, தலையைக் குனிந்துகொண்டு, கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தான்.

"என்ன மருதப்பா," என்றார் அரசர், "உன்னையும் தின்னவைக்க ஆள் தேட வேண்டுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அழுகையும் கலந்துதான் இருந்தது அந்தச் சிரிப்பில். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று பொன்வேலனும் வாய் நிறைய வெண்டைக்காயோடு சிரித்தான்.